ட்ரையருக்குப் பக்கத்தில் நிற்பவருக்கே முதல் பயிற்சி



தோட்டத்துக்குத் தோட்டம் இப்போது ஒரே கதையைத்தான் கேட்கிறோம். "ஸ்டோர் மெசின் எல்லாம் வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். திருத்தித் திருத்திக் கட்டுபடியாகவில்லை. இனிக் கொழுந்தை வேறு தோட்டத்து ஸ்டோருக்கு ஏற்றி அனுப்பப் போகிறோம்." முதலில் இரவு வேலை நிற்கிறது. பிறகு ரோலரில் நின்றவர்களைக் கான் வெட்டவும் புல் வெட்டவும் அனுப்புகிறார்கள். கடைசியில் ஒரு நாள் ஸ்டோர் கதவில் பூட்டு விழுகிறது. கூரைத் தகரத்தைக் கழற்றும்போதுதான் இனித் திறக்கவே மாட்டார்கள் என்பது நமக்கு விளங்குகிறது.

பூட்டு விழுவதற்கு முன்பே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த மெசின் வயது போனதால் கெட்டதா? கவனிப்பார் இல்லாமல் கெட்டதா?

ஒரு தோட்டத்தில் நாம் பார்த்ததைச் சொல்கிறோம். அங்கே "நம்பகத்தன்மையை மையமாகக் கொண்ட பராமரிப்பு" என்ற புதிய முறைக்குப் பயிற்சி என்று அறிவித்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பயிற்சிக்குப் போனவர்கள் யார்? உத்தியோகத்தர் இரண்டு பேர். இரண்டு நாள் வகுப்பு, அதுவும் ஆங்கிலத்தில். திரும்பி வந்ததும் சுவரில் ஒரு படிவம் தொங்கியது. அதை நிரப்ப வேண்டியவர் ட்ரையரில் நிற்கும் தொழிலாளி. படிவம் எந்த மொழியில் என்று கேட்கிறீர்களா? அதுவும் ஆங்கிலத்தில்தான். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எல்லாக் கட்டத்திலும் "சரி" அடையாளம் வரிசையாக விழுந்திருந்தது. அந்த மூன்று மாதத்தில் ட்ரையர் இரண்டு தடவை நின்றிருந்தது.

இந்தக் கேலிக்கூத்தைப் பற்றித்தான் இந்த இதழில் பேசுகிறோம். அந்தப் பயிற்சி நமக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. அது நமக்குத்தான் முதலில் வேண்டும் என்று சொல்கிறோம்.

கெட்ட பிறகு ஓடுவது சிக்கனமா?

நமது ஸ்டோர்களில் பெரும்பாலும் நடக்கும் பராமரிப்பு இரண்டு வகை. ஒன்று, கெட்டால் பார்ப்பது. பெயாரிங் கத்தினால் கிரீஸ் அப்பு, பெல்ட் அறுந்தால் மாற்று, மோட்டார் புகைந்தால் டவுனுக்கு அனுப்பு. இதற்குச் "சிக்கனம்" என்று பெயர். மற்றது, கொழுந்து குறைந்த மாதம் பார்த்து எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றிப் பூட்டுவது. இதற்கு "ஓவரோல்" என்று பெயர்.

சிக்கனத்தின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். நடுச்சாமத்தில் ட்ரையர் சங்கிலி அறுந்தால், உருட்டிய இலை நமக்காகக் காத்திருக்காது. புளித்துக்கொண்டே போகும். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். அந்த இரவு 200 கிலோ தேயிலை பாழானால், பாழான கொழுந்து 900 கிலோவுக்கும் கூட. ஆளுக்கு 20 கிலோ என்று வைத்தால் 45 பேர் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று பறித்த ஒரு நாள் உழைப்பு அது. ஒரு சங்கிலிக் கண்ணியைக் காலத்தோடு மாற்றாததால் வந்த நட்டம்.

அந்த நட்டம் யார் தலையில் விழுகிறது? ஸ்டோரில் பிழை நடந்தது என்று யாரும் பிரட்டில் சொல்வதில்லை. "இந்தத் தோட்டத்துத் தேயிலைக்கு ஏலத்தில் விலையில்லை, கொழுந்து சரியில்லை" என்று சொல்கிறார்கள். மலையில் நிறுவைக்காரர் ஈரம் என்றும் முத்தல் என்றும் கிலோ வெட்டுகிறார். சம்பளப் பேச்சுவார்த்தை வரும்போது "உற்பத்தித்திறன் குறைவு" என்ற கணக்கும் மேசைக்கு வருகிறது. ஸ்டோரில் கெட்ட பெயாரிங், மலையில் நிற்கும் அக்காவின் கூடையிலிருந்து கழிக்கப்படுகிறது. ஆகவே இது ஸ்டோர்க்காரர் பிரச்சினை மட்டும் என்று கொழுந்து பறிப்பவர்கள் யாரும் நினைக்க வேண்டாம்.

விமானக் கம்பனிகள் படித்த பாடம்

இந்தப் புதிய முறையின் பூர்வீகம் விமானம். ஒரு காலத்தில் விமானக் கம்பனிகளும் நமது "ஓவரோல்" முறையைத்தான் நம்பின. எந்தச் சாமானுக்கும் ஒரு வயது உண்டு, அந்த வயது வந்ததும் கழற்றிப் பிரித்துப் பூட்டினால் பாதுகாப்பு என்று நினைத்தன. ஆனால் அப்படிச் செய்தும் பல கோளாறுகள் குறையவில்லை. 1968இல் போயிங் 747 விமானத்துக்காகப் பராமரிப்புத் திட்டத்தைப் புதிதாக யோசித்தார்கள். பத்து வருடம் கழித்து, 1978இல், யுனைட்டட் எயார்லைன்ஸைச் சேர்ந்த ஸ்டான்லி நோலன், ஹவார்ட் ஹீப் ஆகிய இருவரும் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்துக்காக எழுதிய அறிக்கையில் அந்த அனுபவத்தைத் தொகுத்துத் தந்தார்கள். "நம்பகத்தன்மையை மையமாகக் கொண்ட பராமரிப்பு" என்ற பெயர் அந்த அறிக்கையின் பெயர்தான்.

அவர்கள் கண்டது என்ன? அவர்கள் ஆராய்ந்த விமானப் பாகங்களில் 100க்கு 89 பாகங்களுக்கு, வயதெல்லை வைத்துக் கழற்றிப் பூட்டுவதால் பயன் கிடையாது. 100க்கு 68 பாகங்கள், பூட்டிய புதிதில்தான் அதிகம் கெடுகின்றன. அந்தக் கட்டம் தாண்டினால் நீண்ட காலம் ஒழுங்காக ஓடுகின்றன. அதாவது, நன்றாக ஓடுவதைச் சும்மா கழற்றினால் கெடுதலைக் கூப்பிட்டு உள்ளே வைத்த மாதிரி. பழைய டிசி-8 விமானத்தில் 339 பாகங்களுக்குக் காலம் குறித்து ஓவரோல் செய்தார்கள். புதிய முறையில் திட்டமிட்ட டிசி-10 விமானத்தில் அந்தத் தொகை 7 ஆகக் குறைந்தது. அதனால் விமானம் ஆபத்தாகிவிடவில்லை.

தேயிலை ஸ்டோர் விமானம் இல்லை என்பது நமக்கும் தெரியும். சங்கிலி, பெல்ட், ரோலரின் பித்தளைப் பட்டை போன்று உராய்ந்து தேயும் சாமான்களுக்கு வயது உண்டு. ஆனால் "ஓவரோல் முடிந்த கையோடுதான் கரைச்சல் தொடங்குது" என்று நமது ரோலர்காரர்கள் வருடக் கணக்காகச் சொல்லி வருவது மூடநம்பிக்கை இல்லை என்பதை அந்த அறிக்கை நிரூபிக்கிறது. அவர்கள் சொன்னபோது "உனக்கென்ன தெரியும்" என்றார்கள். வெள்ளைக்காரன் அறிக்கையில் எழுதினால் பயிற்சி வகுப்பு வைக்கிறார்கள்.

விமானத்திலிருந்து இந்த முறையை மற்றத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ஜோன் மௌப்ரே. அவருடைய புத்தகம் 1991இல் வந்தது. அவர் வற்புறுத்திய விசயம் ஒன்றை நமது கம்பனிகள் வசதியாக மறந்துவிட்டன. ஒரு மெசினைப் பற்றி முடிவெடுக்கும் குழுவில் திருத்துபவர் இருந்தால் போதாது, அந்த மெசினை இயக்குபவரும் உட்கார வேண்டும். இயக்குபவர் இல்லாமல் நடத்தினால் அந்த முறையின் பெயரை மட்டும் கடன் வாங்கியதாக ஆகும்.

ஏழு கேள்விகளை ட்ரையரிடம் கேட்போம்

இந்த முறை ஏழு கேள்விகளில் அடங்கும். 1999இல் அமெரிக்கப் பொறியியலாளர் அமைப்பான எஸ்.ஏ.ஈ. வெளியிட்ட தர நிர்ணயமும் இந்த ஏழையும் கேட்காத முறையை ஏற்பதில்லை. நமது ஸ்டோர் ட்ரையரை வைத்தே கேட்டுப் பார்ப்போம். பதில் யாரிடம் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

முதல் கேள்வி: இது என்ன வேலையை எந்த அளவுக்குச் செய்ய வேண்டும்? புளித்த இலையைச் சுமார் 90 முதல் 100 பாகை செல்சியஸ் சூட்டுக் காற்றில் காயவைத்து, ஈரத்தை 100க்கு 3 அளவுக்குக் கொண்டுவர வேண்டும். புகை வாடை ஏறக்கூடாது. பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்தும் வரக்கூடாது.

இரண்டாவது: அந்த வேலையில் அது எப்படியெல்லாம் தவறலாம்? நின்றுபோகலாம். நிற்காமல் ஓடிக்கொண்டே தேயிலையைக் கருக்கலாம். ஈரத்தோடு வெளியே விடலாம். புகை ஏற்றலாம்.

மூன்றாவது: ஏன் தவறுகிறது? சங்கிலி நீண்டுபோயிருக்கலாம். தட்டு வளைந்திருக்கலாம். காற்றாடி பெல்ட் தளர்ந்திருக்கலாம். அடுப்புக் குழாயில் வெடிப்பு விழுந்து, புகைக்கூண்டுக்குப் போக வேண்டிய புகை சூட்டுக் காற்றில் கலக்கலாம். சூடு காட்டும் மானி பொய் சொல்லலாம்.

நான்காவது: அப்போது என்ன தெரியும்? சங்கிலி நீண்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு "டக்" சத்தம் வரும். பெல்ட் தளர்ந்தால் காற்று குறையும், ரப்பர் கருகும் மணம் வரும். குழாய் வெடித்தால் தேயிலையைக் கையில் அள்ளி மூக்கருகே வைத்தாலே தெரியும்.

ஐந்தாவது: அதனால் யாருக்கு என்ன கேடு? இந்த இடத்தில்தான் முறை கண்டிப்பாகப் பேசுகிறது. ஆளுக்கு ஆபத்து என்றால் அது தனி வகை. பணக் கணக்குப் பார்த்து அதை ஒதுக்க இடமில்லை.

ஆறாவது: முன்கூட்டியே அறியவோ தடுக்கவோ என்ன செய்யலாம்? பெரும்பாலான சாமான் திடீரென்று சாவதில்லை. கெடத் தொடங்கும் நேரம் ஒன்று, நின்றுபோகும் நேரம் ஒன்று. இரண்டுக்கும் நடுவே சில மணித்தியாலமோ சில கிழமையோ இருக்கும். பெயாரிங் முதலில் முனகும், பிறகு சுடும், பிறகுதான் இறுகும். அந்த முனகலைக் கேட்பவர் இருந்தால் ஒரு பெயாரிங் விலையோடு போகும். கேட்பவர் இல்லாவிட்டால் தண்டும் போகும், மோட்டாரும் போகும், அந்த இரவுக் கொழுந்தும் போகும்.

ஏழாவது: தடுக்க வழியே இல்லை என்றால்? கெட்டாலும் ஆளுக்கும் உற்பத்திக்கும் கேடில்லாத சாமானைக் கெடும்வரை ஓட்டலாம். ஒரு பல்பு எரிந்து போனால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஆளுக்கு ஆபத்து இருந்து, அதைத் தடுக்க எந்தப் பராமரிப்பும் போதாது என்றால், அந்த மெசினையே மாற்றி அமைக்க வேண்டும். அதைக் கட்டாயம் என்று அந்த முறையே சொல்கிறது. கம்பனிகள் இந்த வரியைப் படித்தார்களா? பல்புக்குச் சொன்ன விதியை எடுத்து ஸ்டோர் முழுவதுக்கும் போட்டிருக்கிறார்களே!

இனிச் சொல்லுங்கள். "டக்" சத்தத்தைக் கேட்டவர் யார்? கருகும் மணம் யார் மூக்குக்கு எட்டியது? இரவு இரண்டு மணிக்கு பங்களாவில் தூங்குபவருக்கா, ட்ரையருக்குப் பக்கத்தில் நிற்பவருக்கா? ஏழு கேள்விகளில் முக்கால்வாசிக்குப் பதில் வைத்திருப்பவரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வகுப்பு நடத்துகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத கோளாறு

இந்த முறை இன்னொரு பாடமும் சொல்கிறது. சில சாமான் கெட்டால் கெட்டது என்று தெரியாது. ஆபத்து வந்தால் மட்டும் வேலை செய்யவேண்டிய சாமான்கள் அவை. அவசர நிறுத்தும் பொத்தான், தீயணைப்புக் கருவி, மோட்டார் சூடானால் மின்சாரத்தை வெட்டும் கட்டை. இவை வேலை செய்யுமா என்று சோதித்துப் பார்க்காவிட்டால், ஆபத்து வரும் நாளில்தான் தெரியவரும்.

1984 டிசம்பர் 2ஆம் திகதி இரவு இந்தியாவின் போபால் நகரில் இதுதான் நடந்தது. யூனியன் கார்பைட் பூச்சிமருந்துத் தொழிற்சாலையில் நச்சு வாயு கசிந்து ஆயிரக்கணக்கான ஏழைகள் செத்தார்கள். வாயுத் தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் மாதக் கணக்காக நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரம் திருத்த வேலைக்காகத் துண்டிக்கப்பட்டிருந்தது. செலவைக் குறைக்கிறோம் என்று ஆட்களையும் பயிற்சியையும் குறைத்திருந்தார்கள். கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. வேலை செய்த பலருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆபத்து இருக்கிறது என்று தொழிலாளர்கள் முன்கூட்டியே குரல் கொடுத்தும் கேட்பாரில்லை.

தேயிலை ஸ்டோரில் அந்த வாயு இல்லை. ஆனால் சுற்றும் பெல்ட் இருக்கிறது, ரோலர் இருக்கிறது, தீ இருக்கிறது, பஞ்சு போல் பறக்கும் தேயிலைத் தூசு இருக்கிறது. மூடி கழற்றிய பெல்ட்டில் கை போனவர்கள் நமது லயங்களில் இருக்கிறார்கள். மூடியை ஏன் கழற்றினார்கள்? அடிக்கடி நழுவும் பெல்ட்டை அடிக்கடி ஏற்ற வேண்டியிருந்தது, மூடியைப் பூட்ட நேரம் கொடுக்கவில்லை. பராமரிப்பு இல்லாத இடத்தில் பாதுகாப்பும் இருக்காது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், ஆபத்தான பாகங்களுக்கு வேலி வேண்டும் என்கிறது. விரல் போனால் நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் இருக்கிறது. ஆனால் போன விரலை எந்தச் சட்டமும் திருப்பித் தராது.

"படிக்காதவனுக்கு எதற்குப் பயிற்சி?"

இப்படிச் சில துரைமார் நேரடியாகவே கேட்கிறார்கள். நாமும் திருப்பிக் கேட்கிறோம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்ட காலத்திலிருந்து இந்த மலையில் தேயிலை செய்தவர்கள் யார்? பெல்பாஸ்டின் சிரோக்கோ ட்ரையரும், கேன்ஸ்பரோவின் மார்ஷல் ரோலரும் கப்பலில் வந்தபோது தமிழில் விளக்கப் புத்தகம் கூட வரவில்லை. ஆனாலும் அவற்றைப் பூட்டி, ஓட்டி, தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியவர்கள் நமது பாட்டன்மார். ஒரு மெசினை இத்தனை காலம் ஓட வைத்தவர்களைப் பார்த்து "மெசின் தெரியாதவர்கள்" என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

இன்று நிலைமை இன்னும் மாறியிருக்கிறது. நமது பிள்ளைகள் சாதாரண தரமும் உயர்தரமும் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள். கணக்குத் தெரியும், வரைபடம் வாசிக்கத் தெரியும். தோட்டத்தில் அவர்களுக்கு மலையைத் தவிர வேறு வேலை இல்லை என்பதால் கொழும்புக் கடைகளுக்குப் பஸ் ஏறுகிறார்கள். ஸ்டோருக்கு உள்ளே நல்ல தொழில் ஒன்று இருக்கிறது, அதற்குச் சான்றிதழும் கிடைக்கும் என்றால் அவர்களில் எத்தனை பேர் ஊரிலேயே நிற்பார்கள்! "ஆள் இல்லை, ஆள் இல்லை" என்று புலம்பும் கம்பனிகள், இருக்கும் ஆளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க ஒரு சதம் செலவழிக்கத் தயாரில்லை.

பணம் இல்லை என்பது அடுத்த சாக்கு. பணம் இல்லாதவர்களுக்காக அமைந்த முறைதான் இது. தேவையில்லாத ஓவரோலைக் குறைக்கச் சொல்கிறது. கண்ணையும் காதையும் மூக்கையும் பயன்படுத்தச் சொல்கிறது. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். வேண்டியது ஆளும், நேரமும், அந்த ஆளின் பேச்சைக் கேட்கும் மனமும். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனபோது, தனியார் வந்தால் திறமை வரும் என்றார்கள். திறமை என்றால் இதுதானே?

"கம்பனி வேலையை நாம் ஏன் பார்க்க வேண்டும்?"

இந்தக் கேள்வி நமது ஆட்களிடமிருந்து வருகிறது. இதைத் தட்டிக்கழிக்க முடியாது, ஏனென்றால் இதில் நியாயம் இருக்கிறது. முன்பு கிரீஸ் வைக்க ஓர் ஆள், ட்ரையருக்கு ஓர் ஆள், அடுப்புக்கு ஓர் ஆள் இருந்தார்கள். "பல திறமைப் பயிற்சி" என்று சொல்லி மூவரின் வேலையையும் ஒருவர் தலையில் கட்டி, மற்ற இருவரையும் வெளியே அனுப்பிய கதை நமக்குத் தெரியும். படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, மெசின் கெட்டதும் "நீதானே பார்த்துக் கையெழுத்துப் போட்டாய்" என்று அதே தொழிலாளியிடம் விளக்கம் கேட்ட கதையும் தெரியும்.

அதற்காகப் பயிற்சியே வேண்டாம் என்று ஒதுங்கினால் நட்டம் யாருக்கு? மெசின் எப்படியும் கெடும். ஸ்டோர் எப்படியும் பூட்டப்படும். அப்போது நமது கையில் எழுத்தில் எதுவும் இருக்காது. "ஆறு மாதமாக இந்தச் சத்தத்தைச் சொன்னோம், நீங்கள் பார்க்கவில்லை" என்று நிரூபிக்க ஒரு தாள் இருக்காது. அறிவு நம்மிடம் இருக்கிறது. அதை எழுத்தாக்கவும் சான்றிதழாக்கவும் சம்பளமாக்கவும்தான் நமக்குப் பயிற்சி வேண்டும். ஆகவே நிபந்தனையோடு கேட்போம்.

நமது கோரிக்கைகள்

1. பயிற்சி தமிழிலும் சிங்களத்திலும் நடக்க வேண்டும். சுவரில் தொங்கும் படிவமும், மெசின் பக்கத்து அறிவித்தலும் அப்படியே இருக்க வேண்டும்.

2. பயிற்சி வேலை நேரத்தில், முழுப் பேரோடு நடக்க வேண்டும். லீவு நாளில் கூப்பிட்டு "நன்மைக்குத்தானே" என்று சொல்லக்கூடாது.

3. ரோலர், ட்ரையர், அடுப்பு, சலிப்பு ஆகிய எல்லா இடத்திலிருந்தும் ஆள் எடுக்க வேண்டும். வாட்டும் தொட்டியில் கொழுந்து பரப்பும் அக்காமாரை விடக்கூடாது. தொட்டிக் காற்று குறைந்ததை முதலில் அறிவது அவர்களுடைய கை.

4. அனுபவத்துக்குச் சான்றிதழ் வேண்டும். தேசியத் தொழில் தகைமை முறையில், வகுப்புக்குப் போகாமல் வேலையிலேயே கற்றவரைப் பரீட்சித்துச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு உண்டு. நைட்டா என்று நாம் சொல்லும் அதிகார சபை அதைச் செய்கிறது. பொருந்தும் தொழிலுக்கு நமது பிட்டர்மாரையும் மெசின்காரரையும் நிர்வாகம் அனுப்பி வைக்க வேண்டும். சான்றிதழ் பெற்றவருக்குத் தனித் தரமும் மேலதிகக் கொடுப்பனவும் வேண்டும்.

5. கோளாறுப் புத்தகம் ஒவ்வொரு மெசினுக்கும் இருக்க வேண்டும். எழுதியவர், திகதி, நேரம், நிர்வாகம் எடுத்த நடவடிக்கை எல்லாம் அதில் வரவேண்டும். தோட்டக் கமிட்டி பார்க்கக் கேட்டால் காட்ட வேண்டும்.

6. ஆபத்து என்று கண்டால் மெசினை நிறுத்தும் உரிமை தொழிலாளிக்கு வேண்டும். நிறுத்தியதற்காகப் பேர் வெட்டக்கூடாது, விளக்கம் கேட்கக்கூடாது. ஓடும் மெசினில் யாரையும் கை வைக்கச் சொல்லவும் கூடாது. கவனித்துச் சொல்வது இயக்குபவரின் வேலை. கழற்றித் திருத்துவது மின்சாரத்தை வெட்டிப் பூட்டிய பிறகு பிட்டரின் வேலை.

7. பயிற்சியைக் காட்டி ஆள் குறைப்பு நடக்கக்கூடாது. இதை எழுத்தில் தர வேண்டும்.

இந்த மாதமே தொடங்குவோம்

நிர்வாகம் தரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. இந்த மாதத் தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஸ்டோர்த் தோழர்களையும் கொழுந்து பறிக்கும் தோழியரையும் ஒன்றாக உட்கார வையுங்கள். ஒரேயொரு மெசினை எடுங்கள். உங்கள் ஸ்டோரில் அதிகம் கரைச்சல் தருவது எதுவோ அதையே எடுங்கள். மேலே சொன்ன ஏழு கேள்விகளையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளை ஒருவர் கொப்பியில் எழுதட்டும். வயதான ரோலர்காரர் பென்சன் போனவராக இருந்தாலும் கூப்பிடுங்கள். அவர் காதில் இருக்கும் சத்தம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அவசர நிறுத்தும் பொத்தான் வேலை செய்கிறதா, தீயணைப்புக் கருவியின் காலம் முடிந்துவிட்டதா, எந்தப் பெல்ட்டுக்கு மூடி இல்லை என்ற மூன்றையும் தனித் தாளில் எழுதுங்கள். இவற்றை நிர்வாகத்திடம் கேட்டு, ஸ்டோர் ஆள் முன்னிலையில் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் மறுத்த திகதியையும் எழுதுங்கள். தோட்டத் தலைவரின் கையெழுத்தோடு ஒரு பிரதி துரைக்கும், ஒரு பிரதி நமது மாவட்டக் காரியாலயத்துக்கும் வரட்டும். மூடி இல்லாத பெல்ட் விசயம் தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதகருக்கும் போக வேண்டும்.

பத்துத் தோட்டத்திலிருந்து பத்துக் கொப்பி வந்தால், அடுத்த பேச்சுவார்த்தையில் அவற்றை மேசையில் வைப்போம். "மெசின் பழசு, அதனால் ஸ்டோரைப் பூட்டுகிறோம்" என்று கம்பனி சொல்லும்போது, எந்த மெசின், எந்தத் திகதியில், யார் சொல்லியும் பார்க்காமல் விட்டதால் கெட்டது என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டுவோம். அதற்குப் பதில் சொல்லிவிட்டுப் பூட்டைத் தொடட்டும்.

கொப்பியும் பென்சிலும் கூட்டத்துக்கு மறக்காமல் கொண்டு வாருங்கள், தோழர்களே.